கால் குதிரைக்கு முதலாளி

2023 மே மாதம் ஊட்டியில் இருந்த நாட்களில், ராத்திரி படுக்கப் போகும் முன் போனில் தட்டி வைத்த குறிப்புகள் இவை. பதிவிடச் சோம்பல்பட்டு அப்படியே கிடந்தன. அதற்குள் 2024 ஜூலையில் ஊட்டி ரேஸ் மைதானத்தின் 52 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டதாம், பாக்கி 822 கோடியாம். நாலு பேர் சேர்ந்து ஒரு குதிரையை வைத்துக்கொண்டு மாதாமாதம் தீவனக் காசுக்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கும் எங்களுக்கு அந்த எண்ணை வாசிக்கவே மூச்சு வாங்கியது. எழுத்துப்பிழை மட்டும் திருத்திப் போடுகிறேன்.

மே 12, வெள்ளி

விடிகாலை நாலரைக்கு ஈரோட்டில் கிளம்பினோம். நான், வீட்டுக்காரி, பதினொரு வயது மகன். அம்மாவிடம் ஊட்டிக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அம்மாவும் கேட்கவில்லை. மஞ்சள் மண்டியில் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. ரேஸ் என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்: தாத்தாவின் தம்பி கிண்டிக்குப் போய்வந்து போய்வந்து கரைத்த நாலு ஏக்கர் தென்னந்தோப்பு.

அந்த வீட்டில் பிறந்தவன் குதிரைக்கு முதலாளி ஆனதற்குக் கோயம்புத்தூர் வக்கீல்தான் காரணம். கல்லூரி நாளில் இருந்து சிநேகிதர். இரண்டு வருடம் முன்னால், ஒரு பெட்டைக் குதிரை விலைக்கு வருகிறது, நாலு லட்சம், ஆளுக்கு ஒன்று போட்டால் முடிந்தது என்றார். அவர், ஒரு பல் டாக்டர், சென்னையில் இருக்கும் என் மச்சினன், நான். நான் இழுத்தேன். 1996-ல் உச்ச நீதிமன்றமே குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டது, அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்கில்தான் என்று அடுக்கினார். எங்கள் குதிரைக்குத் திறமை இருக்கிறதா என்று அந்தத் தீர்ப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் என் பங்குச் செலவு. இந்த இரண்டு வருடத்தில் அவள் ஒரு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறாள். மற்ற நாளெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்தாள். ரேஸ் புத்தகத்தில் அவளுக்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. லாயத்தில் மைனா.

"நமக்குக் கால் குதிரைதான் கண்ணு" என்று மகனிடம் காரில் விளக்கிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்தக் கால்ப்பா?" என்றான். வீட்டுக்காரி கோபி தாண்டும் வரை சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் குதிரையால் அவளுக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

மேட்டுப்பாளையத்தில் இட்லி, பொங்கல், காப்பி, மூன்று பேருக்கு 270 ரூபாய். சாம்பாருக்கு மட்டும் தனியாக 50 கொடுக்கலாம். சப்ளையர் பையன் என் மகன் தட்டில் கேட்காமலே ஒரு வடை வைத்தான். பில்லில் அது இல்லை. கேட்டதற்கு, "தம்பி பார்த்துட்டே இருந்துச்சுங்க" என்றான்.

கல்லாறு தாண்டினால் பதினாலு கொண்டை ஊசி வளைவு. நடுவில் பர்லியாற்றில் பலாச்சுளை வாங்க இறங்கினோம். குதிரைக்கென்று கவுந்தப்பாடியில் சொல்லிவைத்து வாங்கிய உருண்டை வெல்லம் ஒரு கிலோ பின்சீட்டில் இருந்தது. கண்ணாடியை ஏற்றவில்லை. பலாக்காரம்மா "ஏனுங், குரங்கு குரங்கு" என்று கத்தித் திரும்புவதற்குள் பை மரத்தில் இருந்தது. மேலே உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டையாக மோந்து பார்த்துத் தின்ற அழகைப் பார்த்தால் எங்கள் மண்டிக்கு வரும் வியாபாரி கெட்டான். குதிரைக்காரன் என்று சொல்லிக்கொண்டு குரங்குக்குத் தீனி போட்டாயிற்று.

அதற்குமேல் சீசன் கூட்டம். ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்கியிருந்தும், குன்னூரில் இருந்து ஊட்டிக்கு இரண்டேகால் மணி நேரம். அரவங்காட்டில் பக்கத்து வண்டிக்காரர் இறங்கிப் போய் ரோட்டோரக் கடையில் சவரம் செய்துகொண்டு வந்துவிட்டார். வண்டிகள் அதே இடத்தில்தான் நின்றன.

தங்கிய இடத்தைச் சொல்லவில்லை. மற்ற மாதத்தில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் அறை 4,800. சுடுதண்ணீர் காலை ஏழில் இருந்து எட்டு வரை. போர்வையில் போன வாரம் வந்தவர்களின் கொசுவத்தி வாசம். ஊட்டியில் எதற்குக் கொசுவத்தி கொளுத்தினார்கள் என்று இன்னும் புரியவில்லை.

நாலு மணிக்கு மழை பிடித்தது. என் பழைய விண்ட்சீட்டர் குளிருக்குத் தாங்கவில்லை. தாவரவியல் பூங்காப் பக்கம் திபெத்தியர்கள் கடை வரிசையில் ஒரு பாட்டி 650 என்றார். நான் 400 என்றேன். பாட்டி சுத்தத் தமிழில், "நானூறுக்குக் கைதான் வரும், உடம்புக்கு வேண்டாமா?" என்று கேட்டார். 500-க்கு முடிந்தது. இந்த ஸ்வெட்டர் நாளைக்கு என்ன வேலை செய்யப் போகிறது என்று அப்போது தெரியாது.

சாயங்காலம் மழை விட்டதும் லாயத்துக்குப் போனோம். வக்கீல் வாசலிலேயே ஓனர் பேட்ஜைக் கையில் திணித்தார். விண்ட்சீட்டர் பையில் போட்டுக்கொண்டேன். மைனாவைப் பார்த்துக்கொள்ளும் சைஸுக்கு ஐம்பது வயது இருக்கும், வேளச்சேரிக்காரர். கோடையில் கிண்டி காய்வதால் குதிரைகள் மலையேறும்போது இவரும் வந்துவிடுவார். வீட்டுக்கு ஜூனில்தான் திரும்புவார். என்னைப் பார்த்து "சார்" என்றார், அதற்குமேல் ஒன்றும் இல்லை. குதிரையிடம்தான் பேசிக்கொண்டே இருந்தார். பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, நாலு வயது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பிவிட்டாள். மாசா மாசம் பணம் அனுப்புகிற ஆள் என்று யாராவது சொல்லி வைத்திருக்கலாம்.

தொட்டியில் ஓட்ஸும் தவிடும், பக்கத்தில் ஒரு கட்டுப் பச்சை. கிட்டப் போய்ப் பார்த்தால் குதிரை மசால். எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மாட்டுக்குப் போடுவதுதான். பிறந்ததில் இருந்து அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைக் குதிரை தின்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மகன் பையில் இருந்து ஒரு துண்டு ஊட்டி சாக்லேட்டை எடுத்து நீட்டினான். அதுவரை மெதுவாக இருந்த மனுஷர் பாய்ந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். "சாக்லேட்டு, காப்பி, டீ எதுவும் ஆவாது தம்பி. மூத்திரத்துல காட்டிக்கும். பாப்பா ஜெயிச்சாலும் ஜெயிக்கலைன்னு ஆய்டும், ஐயா லைசென்ஸுக்கும் ஆபத்து." ஐயா என்றது டிரெயினரை. சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் தடை செய்யப்பட்ட சரக்கு என்று வக்கீல் சட்டம் பேசினார். பையன் முகம் சுருங்கியதும் சைஸ் அவனை உள்ளே கூப்பிட்டு, பின்னங்கால் இடதில் கணுக்கால் வரை வெள்ளையாக இருப்பதைக் காட்டினார், சாக்ஸ் போட்ட மாதிரி.

"அப்பா, இதுதான் நம்ம கால்" என்றான். பங்கு பிரிந்துவிட்டது.

மே 13, சனி

ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. சன்னலைத் திறந்தால் வெளியே ஒன்றுமே இல்லை, பால். ரோட்டுக் கடையில் டீயும் வர்க்கியும். வர்க்கியைக் கடித்தால் உதிரும், டீயில் முக்கினால் கரையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது, அதைப் பிடிக்கத் தெரிந்தவன்தான் ஊட்டிக்காரன். என் ஸ்வெட்டரெல்லாம் உதிரி.

எங்களுடையது அன்றைக்கு நாலாவது ரேஸ். 1,200 மீட்டர். ரேட்டிங் 00 முதல் 25 வரை உள்ள குதிரைகளுக்கு, அதாவது இருப்பதிலேயே கடைசி வகுப்பு. மைனாவுக்கு 21. "பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சுதானே" என்பார் பல் டாக்டர். இந்த ரேட்டிங் கணக்கு ஒரு விசித்திரம். நன்றாக ஓடினால் எண் ஏறும், எண் ஏறினால் அடுத்த ரேஸில் முதுகில் பாரம் ஏறும். நல்லா விற்கிறவனைப் பார்த்துக் கடை வாடகையை ஏற்றுகிற மாதிரி. மோசமாக ஓடினால் பாரம் குறையும். ரேஸுக்கு வருகிறவர்களின் சந்தேகமெல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பத்தரைக்கு வாசலில் நின்றோம். நடு ஊரில், பஸ் ஸ்டாண்டையும் ரயில் நிலையத்தையும் ஒட்டிக் கிடக்கிறது மைதானம். 1886-ல் இருந்து இங்கே குதிரை ஓடுகிறது, ஊர் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. செக்யூரிட்டி பெரியவர் பேட்ஜைக் கேட்டார். பைக்குள் கையை விட்டேன். ஸ்வெட்டருக்குப் பையே இல்லை. பேட்ஜ் விண்ட்சீட்டரில், விண்ட்சீட்டர் அறையில் ஆணியில்.

"நான் ஓனருங்க."

"சரிங்க சார். பேட்ஜ்?"

அதில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. அவர் செய்தது சரிதான். டிக்கெட் வாங்கி உள்ளே போய்விடலாம், ஆனால் பேட்ஜ் இல்லாமல் பேடாக் உள்ளே நிற்க முடியாது. குதிரையை ஜாக்கி ஏறும் முன் சுற்றி நடத்திக் காட்டுவார்கள், நடுவில் ஓனர்கள் நின்று டிரெயினரிடம் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இரண்டு வருடமாகப் பணம் கட்டியிருக்கிறேன். வக்கீலிடம் உபரி பேட்ஜ் இரண்டு இருந்தது, அதில் வீட்டுக்காரியும் மகனும் போனார்கள். நேரம் இருக்கிறது, நாலாவது ரேஸ்தானே என்று நான் அறைக்கு நடந்தேன். காரை எடுப்பதில் அர்த்தமில்லை, எல்லாம் நின்றுகொண்டிருந்தது.

ஈரோட்டுக் காலுக்கு ஊட்டி மேடு ஏறாது. கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர். குதிரைகளைக்கூடச் சில வாரம் முன்னால் கொண்டுவந்து பழக்கிவிட்டுத்தான் ஓடவிடுகிறார்கள், என்னை யார் பழக்கினார்கள்? பாதி வழியில் ஒரு சுவரில் உட்கார்ந்தேன். அறையைக் கூட்டும் பெண் சாவியோடு வேறு மாடிக்குப் போயிருந்தார். பேட்ஜை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மச்சினன் போன்: பனி இறங்கிவிட்டது, ரேஸ் தள்ளிப் போகிறது, மெதுவா வாங்க மாமா. மெதுவாக வந்தேன். சோளக்கதிர் ஒன்று வாங்கினேன், 40 ரூபாய். அதுதான் தப்பு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வரும்போது மறுபடி போன்: பனி விலகிவிட்டது, குதிரைகள் ஓட்டம் தொடங்கும் கேட்டுக்குப் போய்விட்டன, எங்கே இருக்கீங்க?

வாசலுக்கு இன்னும் சுற்றிப் போக வேண்டும். நடுவில் நாலு பஸ்ஸும் நாற்பது காரும். இனி ஓடிப் பயனில்லை. ரோட்டோரம் வேலியில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். கண்டக்டர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பலூன்காரர், கேரட் மூட்டைமேல் ஏறி நின்ற ஒரு பையன். அவர்களோடு நானும் நின்றேன், ஒரு கையில் சோளக்கதிர், ஒரு கையில் ஓனர் பேட்ஜ்.

பக்கத்தில் மங்கி குல்லா போட்ட பெரியவர். இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் இருந்தாராம், அது மூடிப்போன பிறகு சனி ஞாயிறானால் இங்கேதான். "உள்ள போனதில்லீங்களா?" என்றேன். "உள்ள போனா காசு போகும். இங்க நின்னா கால் மட்டும்தான் வலிக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "உங்க காசு எதுலயாச்சும் இருக்குங்களா?"

"பச்சைச் சட்டை, மஞ்சள் பட்டை" என்றேன். மஞ்சள் பட்டை நான் அடம்பிடித்து வாங்கியது, மண்டிக்காரன் என்ற பாத்தியதையில்.

"எவ்வளவு கட்டியிருக்கீங்க?"

"கட்டலீங்க. குதிரையே என்னுது. கால் பங்கு."

சோளக்கதிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓனருங்க எங்கயாச்சும் ரோட்டுல நிப்பாங்களா?" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கையில் இருந்த பேட்ஜைக் காட்ட எனக்கு வெட்கமாகிவிட்டது. பைக்குள் போட்டேன். அது பேன்ட் பை. நேற்றே அதில் போட்டிருக்கலாம்.

ஒலிபெருக்கியில் "கிளம்பிவிட்டன" என்பது கேட்டது. எங்களுக்கு எதிரே பார்வையாளர் மாடமே தெரியவில்லை, பனி மறுபடி அந்தப் பக்கம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கம் மட்டும் ஒரு துண்டு வெளிச்சம், திரை விலக்கின மாதிரி. வர்ணனை கொஞ்சம் தடுமாறி நின்றே போனது, மைக்கில் இருந்தவருக்கும் தெரியவில்லை போலும். அந்த அமைதியில் முதலில் வந்தது சத்தம்தான். நெல் புடைக்கிற மாதிரி எங்கேயோ தொடங்கி, காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. டிவியில் இந்த அதிர்வு வராது. பிறகு பனிக்குள் இருந்து ஒரு குதிரை. பச்சைச் சட்டை. மஞ்சள் பட்டை. பின்னால் யாருமே இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம் யாருமே இல்லை, பிறகுதான் மற்றவை கொத்தாக வந்தன. மூன்று லெந்த், அதாவது மூன்று குதிரை நீளம் இருக்கும். ஈரப் புல்லைப் பெயர்த்துக்கொண்டு எங்கள் முன்னால் அவள் வளைவில் திரும்பினாள். இடது பின்னங்கால் வெள்ளை ஒவ்வொரு எட்டுக்கும் மின்னி மின்னிப் போனது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. சோளக்கதிர் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "போகுது போகுது, உங்க குதிரை போகுது" என்றார். உங்க குதிரை என்றார்! பிறகு பனி அவளை வாங்கிக்கொண்டது.

மொத்தம் ஒன்றேகால் நிமிட ரேஸ். நான் பார்த்தது பத்து விநாடி.

வாசலுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. செக்யூரிட்டி பெரியவர் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சே சார்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். உள்ளே எங்கள் கூட்டம் டீக்கடை ஓரம் தொங்கிய முகத்தோடு நின்றது. நாலாவது.

"வளைவுல மூணு லெந்த் முன்னாடி இருந்தா" என்றேன்.

யாரும் நம்பவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கடைசி நூற்றைம்பது மீட்டர்தான். பனிக்குள் இருந்து வெளியே வரும்போதே மைனா நாலாவதாக இருந்தாளாம், அப்படியே வந்து முடித்தாளாம். ரொம்ப தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாச் சட்டையும் பச்சையாகத்தான் தெரியும் என்றார் வக்கீல், குறுக்கு விசாரணைக் குரலில். தூரம் என்ன தூரம், சேறு என் சட்டையில் அடித்தது என்றேன். ஸ்வெட்டரில் சோளம்தான் ஒட்டியிருந்தது. ஜாக்கி பயிற்சிப் பையன், அடுத்த ரேஸுக்குச் சேணத்தோடு எடை போடப் போய்விட்டான். டிரெயினருக்கு அதே ரேஸில் இன்னொரு குதிரையும் இருந்தது, அந்த ஓனரிடம் பேசிக்கொண்டிருந்தார். அது நமக்கு முன்னால் வந்த குதிரை.

மகன் மட்டும், "நம்ம கால் தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்டான்.

பல் டாக்டர் கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தார். பிறகு பஜ்ஜிக் கடையில் பணம் எடுக்கும்போது டோட் சீட்டு, அதாவது பந்தயம் கட்டிய சீட்டு, கீழே விழுந்தது. மனுஷர் வேறொரு குதிரைமேல் பிளேஸ் (ஜெயிக்காவிட்டாலும் முன்னணி இடங்களுக்குள் வந்தால் போதும்) கட்டியிருக்கிறார், அது மூன்றாவதாக வந்திருக்கிறது. 28 சதவீத ஜிஎஸ்டி போனது போக 300 ரூபாய் லாபம்! சொந்தக் குதிரைக்கு எதிராகவா என்று வக்கீல் பாய்ந்தார். "கால் பங்குதானே என்னுது, மீதி முக்காலை நம்ப முடியலே" என்றார் டாக்டர். அந்த 300-ல் எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி. நல்ல பஜ்ஜி, மழைக்கு ஏற்ற காரம்.

நாலாவது இடத்துக்கும் பரிசு உண்டு. டிரெயினருக்கும் ஜாக்கிக்கும் போக நாலாகப் பிரித்தால் நேற்று கொடுத்த அறை வாடகை வராது.

மே 14, ஞாயிறு

ராத்திரி முழுக்க மழை. காலையில் மார்க்கெட்டில் கழுவின கேரட், கிலோ 60. ஐந்து கிலோ வாங்கினேன். ரேஸ் முடிந்துவிட்டது, இனிக் கொடுக்கலாம்.

லாயத்தில் மைனா ஒரு காலைத் தளர்த்தி நின்றுகொண்டிருந்தாள். எந்தக் கால் என்று சொல்ல வேண்டியதில்லை. பையன் பயந்துபோய்க் கேட்டதற்கு, நின்றபடி தூங்கும்போது எல்லாக் குதிரையும் அப்படித்தான், மாற்றி மாற்றி ஒரு காலுக்கு லீவு விடும் என்றார் சைஸ். ரேஸுக்கு அடித்த அலுமினிய லாடத்தைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார். தூக்கிப் பார்த்தேன், என் கார் சாவி அதைவிடக் கனம்.

கேரட் நீட்டினேன். மோந்தாள். உதட்டால் ஒரு முறை தள்ளினாள். பிறகு சைஸின் கையில் கொடுத்து அவர் நீட்டியதும் தின்றாள். நான் கொடுத்ததும் அதே கேரட்தான்.

அவரிடம் நேற்று பார்த்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை என்றும் சொன்னேன். நான் எதிர்பார்த்த ஆச்சரியம் எதுவும் அவர் முகத்தில் வரவில்லை.

"முன்னாடிதான் சார் போயிருக்கா. எனக்கு நேத்தே தெரியும்."

"ஜாக்கி சொன்னாரா?"

"அந்தப் பையனும் சொன்னான், அது கெடக்கட்டும். திரும்பி வந்ததும் கழுவுறேன் இல்ல? அந்த ரேஸுல ஓடுன மத்த குதிரைங்க மூஞ்சி பூரா சேறு. கண்ணைக் கூடத் தொடைச்சு விடணும். நம்ம பாப்பா மூஞ்சியில ஏதோ தெளிச்ச மாதிரிதான். முன்னாடி ஓடுற குதிரைக்கு யார் சார் சேறு அடிக்கப் போறா? கடைசியில மூணு பேர் தாண்டிப் போனாங்க, அந்தச் சேறுதான் அது."

பிறகு ஏன் பின்தங்கினாள் என்று கேட்டேன். மூச்சு பத்தவில்லை, முதல் அறுநூறிலேயே பையன் எல்லாவற்றையும் செலவு பண்ணிவிட்டான், ஆயிரம் மீட்டர் ரேஸ் கிடைத்தால் பாருங்க என்றார். மண்டியில் மஞ்சளைக் கையில் உடைத்துப் பார்த்து எந்தக் காட்டு மஞ்சள் என்று அப்பா சொல்வார், அந்த மாதிரி இருந்தது. வக்கீலுக்குப் போன் போட்டு அவரிடமே கொடுத்தேன். சேற்றுக் கதையை இரண்டு தடவை சொல்ல வைத்தார் வக்கீல். கடைசியில், "சாட்சி பலமாத்தான் இருக்கு" என்றார். ஐந்நூறு ரூபாயைச் சைஸ் கையில் வைத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு குதிரைக்கு வாளியை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

இறங்குவது கோத்தகிரி வழி. வெயில் வந்திருந்தது, தேயிலைக்கு நடுவே கழுவிவிட்ட மாதிரி ரோடு. வீட்டுக்காரிக்கு இந்தப் பாதைதான் பிடித்தது, அடுத்த தடவை குதிரை இல்லாமல் வருவோம் என்றாள். கோத்தகிரி தாண்டி இறக்கத்தில் பிரேக் வாசம் அடிக்க ஆரம்பித்தது. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். கடைக்காரம்மா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து, சக்கரத்தில் ஊற்றப் போன என்னைத் தடுத்து, "அதுக்கில்லைங்க, உங்களுக்கு" என்றார். சூட்டில் ஊற்றினால் வெடித்துவிடுமாம். டீ 12 ரூபாய், ஊட்டியைவிட 3 ரூபாய் குறைவு, ஏலக்காய் வேறு.

அங்கேதான் மச்சினன் அனுப்பிய ரேஸ் வீடியோ வந்து இறங்கியது. கேட் திறக்கிறது, குதிரைகள் பாய்கின்றன, பத்து நொடியில் வெள்ளை. வெறும் வெள்ளை. நாற்பது நொடி அப்படியே. பிறகு கடைசியில் குதிரைகள், மைனா நாலாவது. மகன் திரும்பத் திரும்ப ஓட்டினான். நடு வெள்ளையில் நிறுத்திவிட்டு, "நீங்க பார்த்தது இதுல எங்கப்பா?" என்றான். நான் போனை வாங்கி ஒரு இடத்தில் விரலை வைத்தேன். அவனும் குனிந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்குள் வெள்ளைக் காலைத் தேடுகிறான்.

மேட்டுப்பாளையம் வந்ததும் அடுப்பில் இறங்கிய மாதிரி. ஸ்வெட்டர் டிக்கிக்குப் போனது.

ஏழரைக்கு வீடு. அம்மா திண்ணையில் இருந்தார். மீந்த கேரட், வர்க்கி, தைலம் என்று ஒவ்வொன்றாக இறக்கினோம். அம்மா கேரட்டை மடியில் வாங்கி, இலையைக் கிள்ளிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"எத்தனாவது வந்துச்சு?"

வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. "நாலாவதுங்மா."

"பரவால்லியே" என்றார் அம்மா. "உங்க சின்னத் தாத்தன் பணங்கட்டுனது ஒண்ணுகூட அத்தனை முன்னுக்கு வந்ததில்லை."